உபுண்டு போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை

சித்தி பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான். "அண்ணா, லேப்டாப் போச்சுண்ணா. கருப்பா ஒரு ஸ்கிரீன் வருது, கிரப்னு எழுதியிருக்கு, அதுக்கு மேல ஒண்ணும் நகரல."

என்ன செய்தாய் என்று கேட்டேன். எல்லாரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான்: "ஒண்ணும் பண்ணலண்ணா." கொஞ்சம் துருவியதும் விஷயம் வெளியே வந்தது. கல்லூரியில் ஒரு செமஸ்டருக்கு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் தேவைப்பட்டதால், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதையும் நிறுவியிருக்கிறான். செமஸ்டர் முடிந்துவிட்டது, டிஸ்கில் இடமும் போதவில்லை. விண்டோஸுக்குள் போய் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, உபுண்டு இருந்த 60 ஜிபி பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கில் அதற்கென்று பிரித்த பகுதியை, அழித்து, பக்கத்து டிரைவோடு சேர்த்துவிட்டான். ரீஸ்டார்ட் செய்ததும் கருப்புத் திரை.

"அந்தத் திரையிலேயே எக்ஸிட்னு இங்கிலீஷ்ல அடிச்சு என்டர் தட்டு" என்றேன். இரண்டு நொடி இருட்டு, அப்புறம் விண்டோஸ் வந்துவிட்டது. அவன் விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது. ஆனால் அது அந்த நேரத்துக்கான வழிதான். மறுபடி ஆன் செய்தால் மறுபடி அதே திரை. உபுண்டு போய்விட்டது, ஆனால் அதன் பெயர் இன்னும் பட்டியலில் முதலாவதாக நிற்கிறது.

ஒரு இயங்குதளத்தின் பார்ட்டிஷனை அழிப்பது, வாடகை வீட்டிலிருந்து சாமானை ஏற்றிக்கொண்டு போவது மாதிரி. வீடு காலிதான். ஆனால் ரேஷன் கார்டில் பழைய முகவரி இருக்கும், வாக்காளர் பட்டியலில் பழைய தெரு இருக்கும், கேஸ் இணைப்பு பழைய வீட்டு எண்ணிலேயே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த இடத்தில் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றில் மாற்றினால் மற்றது தானாக மாறாது. கணினியிலும் இயங்குதளத்தின் பெயர் இப்படி மூன்று இடங்களில் பதிவாகிறது.

முதல் இடம் மதர்போர்டு

கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் ஒரு சின்ன சிப்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல்தான் முதலில் எழுந்திருக்கும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்து அதற்கு பயாஸ் என்று பெயர். பிறகு இன்டெல் நிறுவனம் தன் ஐட்டேனியம் செயலிக்காக இஎஃப்ஐ என்ற புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2005-இல் பல நிறுவனங்கள் கூடிய ஓர் அமைப்பு அதைக் கையில் எடுக்க, யூஇஎஃப்ஐ பிறந்தது. விண்டோஸ் 8 வந்த காலத்துக்குப் பின் வாங்கிய லேப்டாப் என்றால் கிட்டத்தட்ட உறுதியாக யூஇஎஃப்ஐதான். சர்வீஸ் கடைகளில் இன்னும் பயாஸ் என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படியே சொல்லலாம், ஒன்றும் குறையாது.

பழைய பயாஸுக்கு இயங்குதளம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படித்து ஓட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். யூஇஎஃப்ஐ அப்படி இல்லை. மின்சாரம் போனாலும் அழியாத ஒரு நினைவகத்தில் அது பெயர்ப் பட்டியலே வைத்திருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் 0000, 0001, 0003 என்று நான்கு இலக்க எண் உண்டு. பதிவுக்குள் என்ன பெயரைக் காட்ட வேண்டும், எந்தப் பார்ட்டிஷனுக்குப் போக வேண்டும், அங்கே எந்த ஃபைலை ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். எதை முதலில் முயல்வது என்பதற்குத் தனியாக ஒரு வரிசை.

இந்தப் பட்டியல் டிஸ்கில் இல்லை, மதர்போர்டில் இருக்கிறது. 'எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிட்டேனே, இன்னும் எப்படி உபுண்டுனு காட்டுது' என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். டிஸ்கையே கழற்றி வேறு போட்டாலும் பழைய வரி அங்கே தங்கியிருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத சின்னப் பார்ட்டிஷன்

இரண்டாவது இடம் டிஸ்கில் இருக்கும் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். ஃபேட்32 வகையில் ஃபார்மேட் செய்த சின்னத் துண்டு. விண்டோஸ் தானாக உருவாக்கினால் பெரும்பாலும் 100 எம்பி இருக்கும். டிரைவ் எழுத்து இல்லாததால் சி, டி வரிசையில் இது தெரியாது.

உள்ளே இஎஃப்ஐ என்று ஒரே ஒரு பெரிய ஃபோல்டர். அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒன்று, உபுண்டு என்று ஒன்று, பூட் என்று ஒன்று. சில லேப்டாப்களில் தயாரித்த நிறுவனத்தின் பெயரிலும் ஒன்று இருக்கும். ஒவ்வொரு இயங்குதளமும் தன்னைக் கிளப்பிவிடும் ஃபைல்களை இங்கே தன் பெயருள்ள ஃபோல்டரில் வைக்கிறது. உபுண்டுவின் கிரப் என்ற துவக்கி நிரலும் இங்கேதான் குடியிருக்கிறது. நம் தம்பி அழித்தது 60 ஜிபி பார்ட்டிஷனை. கிரப் இந்தச் சின்னப் பார்ட்டிஷனில் பத்திரமாக இருந்தது. ஆன் செய்ததும் மதர்போர்டு அதைக் கூப்பிட்டது, அது எழுந்து தன் மெனுவைத் தேடியது, மெனு இருந்த பார்ட்டிஷனே காணோம். சரி, என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள் என்று கருப்புத் திரையில் காத்து நின்றது. அது பழுது இல்லை.

மூன்றாவது இடம், ஒவ்வொரு துவக்கி நிரலும் தனக்குள் வைத்திருக்கும் மெனு. விண்டோஸுக்கு பிசிடி என்ற சின்னத் தரவுக்கோப்பு. விஸ்டாவுக்கு முன்னால் இதே வேலையை பூட் டாட் ஐஎன்ஐ என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் செய்தது. கிரப்புக்கு கிரப் டாட் சிஎஃப்ஜி.

எந்த மெனு என்று பாருங்கள்

கை வைப்பதற்கு முன் தேவையில்லாத பெயர் எந்தத் திரையில் தெரிகிறது என்று பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற பொத்தானை அழுத்தினால் மட்டும் வரும் பட்டியல் என்றால் அது மதர்போர்டின் பட்டியல். எந்தப் பொத்தான் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. கருப்பு அல்லது ஊதாப் பின்னணியில் வெறும் எழுத்தாக, மேலே கிரப் என்று தலைப்போடு தானாக வந்தால் அது கிரப்பின் மெனு. நீலப் பின்னணியில் பெரிய கட்டங்களாக, எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்டால் அது விண்டோஸின் மெனு.

இதில் நீல மெனுதான் எளிது. விண்டோஸை மறுபடி நிறுவும்போது பழையதை அழிக்காமல் வேறு பார்ட்டிஷனில் போட்டவர்களுக்கு 'விண்டோஸ் 10', 'விண்டோஸ் 10 ஆன் வால்யூம் 5' என்று இரட்டைப் பிள்ளை மாதிரி இரண்டு தெரியும். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்கான்ஃபிக் என்று அடித்து, பூட் என்ற தாவலுக்குப் போங்கள். எது இப்போது ஓடுகிறதோ அதற்குப் பக்கத்தில் கரன்ட் ஓஎஸ் என்று இருக்கும். அதை விட்டுவிட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்து டிலீட் கொடுத்தால் முடிந்தது. இது பெயரைத்தான் நீக்கும். பழைய விண்டோஸின் ஃபைல்கள் அந்தப் பார்ட்டிஷனில் அப்படியே கிடக்கும், அதை நீங்கள்தான் காலி செய்ய வேண்டும்.

தம்பியின் லேப்டாப்பில் செய்தது

அன்று மாலை அவன் வீட்டுக்கே போய்விட்டேன். போனில் சொல்லிச் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் டிரைவ் பூட்டப்பட்டிருந்தால், துவக்க வரிசையில் கை வைத்ததும் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். தங்கள் லேப்டாப்பில் இது இயங்குவதே பலருக்குத் தெரியாது, ஹோம் பதிப்பிலும் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். சித்தி வீட்டுப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்தான் கிடைத்தது.

அடுத்து, எஃப்2 அழுத்தி மதர்போர்டு செட்டிங்குக்குள் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் முதலில் வைத்தேன். சேமித்து, ரீஸ்டார்ட். நேராக விண்டோஸ் வந்தது. உண்மையைச் சொன்னால், இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். பட்டியலில் கடைசியில் ஒரு பெயர் சும்மா உட்கார்ந்திருப்பதால் கணினி மெதுவாகாது, இடமும் அடைக்காது. என்னைக் கேட்டால், இதைச் சுத்தம் செய்யப் போய்ச் சொதப்பியவர்கள்தான் அதிகம். ஆனால் தம்பி விடுவதாயில்லை. "இருக்கவே கூடாதுண்ணா" என்றான்.

சரி என்று கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தேன். மவுன்ட்வால் என்ற கட்டளைக்கு ஒரு எழுத்தையும், சாய்கோடு போட்டு எஸ்ஸையும் கொடுத்தால் அந்த ஒளிந்திருக்கும் சின்னப் பார்ட்டிஷனுக்கு அந்த எழுத்து டிரைவ் பெயராகக் கிடைக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அதைத் திறக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்று முரண்டு பிடிக்கும். கருப்பு ஜன்னலுக்குள்ளேயே வேலையை முடிக்க வேண்டும். இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் போய் என்ன இருக்கிறது என்று பட்டியலிட்டேன். மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு. உபுண்டு ஃபோல்டரை மட்டும் அழித்தேன். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரைத் தொட்டால் விண்டோஸ் கிளம்பாது, பூட் ஃபோல்டரைத் தொடத் தேவையே இல்லை. இந்தப் பார்ட்டிஷனை மொத்தமாக அழித்துவிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். விண்டோஸும் இங்கிருந்துதான் கிளம்புகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது மதர்போர்டில் இருக்கும் வரி. பிசிடிஎடிட் என்ற கட்டளையில் சாய்கோடு போட்டு ஈனம் (enum), பிறகு ஃபர்ம்வேர் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால், மதர்போர்டின் பட்டியலையும் விண்டோஸே படித்துக் காட்டும். அதில் விவரம் என்ற இடத்தில் உபுண்டு என்றும், பாதையில் உபுண்டு ஃபோல்டரும் இருக்கும் பகுதியைத் தேடினேன். அதன் தலையில் வளைவு அடைப்புக்குள் நீளமாக ஓர் அடையாள எண் இருந்தது. அதை அப்படியே காப்பி செய்து, பிசிடிஎடிட், சாய்கோடு போட்டு டிலீட் என்று அடித்து, பின்னால் ஒட்டினேன். கையால் அடிக்காதீர்கள், ஓர் எழுத்து மாறினால் வேறு எதையாவது நீக்கிவிடக்கூடும். பவர்ஷெல்லில் வளைவு அடைப்புக்கு வேறு அர்த்தம் உண்டு, அங்கே இது பிழை காட்டும். கமாண்ட் ப்ராம்ப்ட்தான் இதற்கு ஒத்துவரும்.

போனது திரும்பி வந்தால்

மதர்போர்டு வரியை மட்டும் நீக்கிவிட்டு ஃபோல்டரை விட்டுவைத்தவர்களுக்கு ஒரு வேடிக்கை நடக்கும். இரண்டு நாள் கழித்து உபுண்டு மறுபடி பட்டியலில் வந்து நிற்கும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சில ஃபர்ம்வேர்கள் ஆன் ஆகும்போதெல்லாம் அந்தச் சின்னப் பார்ட்டிஷனை எட்டிப் பார்த்து, தெரிந்த பெயரில் ஃபோல்டர் இருந்தால் தாமாகவே வரி எழுதிக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. உபுண்டு நிறுவும்போது பூட் என்ற பொது ஃபோல்டரிலும் ஒரு சின்ன உதவி நிரலை வைக்கும். மதர்போர்டுப் பட்டியல் எப்போதாவது அழிந்துபோனால் மீட்டுக் கொடுப்பது அதன் வேலை. அது ஓடும்போது ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருக்கும் ஒரு குறிப்பு ஃபைலைப் படித்து, அந்தப் பெயர்களை மறுபடி பதிந்துவிடும். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான், நமக்குத்தான் தொல்லை. ஃபோல்டர் போய்விட்டால் படிக்கக் குறிப்பு இருக்காது. அதனால்தான் ஃபோல்டரை முதலில், வரியை அப்புறம் நீக்கினேன்.

லினக்ஸ் பக்கம் இருந்து பார்த்தால்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மதர்போர்டுப் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயர் எச்சமாக நிற்கும். இதற்கான கட்டளை, இஎஃப்ஐ, பூட், எம்ஜிஆர் என்று மூன்றையும் இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுவது. மேனேஜர் என்பதன் சுருக்கம்தான், ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கட்டளை சாகும்வரை மறக்காது.

வெறுமனே அதை ஓட்டினால் பட்டியல் வரும்: இப்போது எந்த எண்ணிலிருந்து கிளம்பியிருக்கிறோம், வரிசை என்ன, ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன பெயர். நீக்குவதற்குச் சின்ன பி எழுத்தோடு எண்ணையும், அப்புறம் பெரிய பி எழுத்தையும் கொடுக்க வேண்டும், எழுத்துகளுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டு. சின்ன பி எந்த வரி என்று சுட்டும், பெரிய பி அழிக்கும். இப்போது கிளம்பியிருக்கும் எண் என்று மேலே காட்டுவதை மட்டும் தொடாதீர்கள்.

நான் தொட்டிருக்கிறேன். உபுண்டுவை அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்ட காலம். பட்டியலைப் பார்த்தால் மின்ட் என்ற பெயரே இல்லை, உபுண்டு மட்டும் இருந்தது. பழைய குப்பை என்று நினைத்து ஃபோல்டர், வரி இரண்டையும் ஒரே மூச்சில் அழித்துவிட்டேன். ரீஸ்டார்ட் செய்தால் மின்ட் வரவில்லை. மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது, உபுண்டு கையெழுத்திட்ட துவக்க ஃபைல்களைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் உபுண்டு என்ற பெயரிலேயே பதிந்துகொள்கிறது. நான் குப்பை என்று தூக்கிப்போட்டது என் வீட்டுச் சாவியை. மின்ட் பென்டிரைவிலிருந்து கிளப்பி, அதிலேயே இருக்கும் பூட் ரிப்பேர் என்ற கருவியை ஓட்டித்தான் மீட்டேன்.

அன்றிலிருந்து பெயரை நம்புவதில்லை. அதே கட்டளையோடு வி எழுத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு வரியும் எந்தப் பார்ட்டிஷனைக் காட்டுகிறது என்பது நீளமான அடையாள எண்ணாக வரும். பிஎல்கேஐடி என்ற கட்டளை, இப்போது டிஸ்கில் உண்மையிலேயே இருக்கும் பார்ட்டிஷன்களின் எண்களைக் காட்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இல்லாத பார்ட்டிஷனைச் சுட்டும் வரி என்றால்தான் எச்சம். இருக்கும் பார்ட்டிஷனைச் சுட்டினால், சொல்லும் ஃபைல் அங்கே இருக்கிறதா, அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

இந்த நினைவகத்தோடு விளையாட வேண்டாம் என்பதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. லினக்ஸில் மதர்போர்டுப் பதிவுகள் ஃபைல்கள் மாதிரியே ஒரு ஃபோல்டரில் தெரியும். 2016-இல், டிஸ்க் முழுவதையும் அழிக்கும் கட்டளையை ஓட்டிய ஒருவருக்கு அந்தப் பதிவுகளும் சேர்ந்து அழிந்து லேப்டாப்பே ஆன் ஆகாமல் போனது. அதற்குப் பிறகு வந்த 4.5 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) அவற்றைச் சும்மா அழிக்க முடியாதபடி பூட்டு போட்டுவிட்டார்கள். ஆகவே கட்டளை வழியாகப் போங்கள், ஃபோல்டரில் நேராகக் கை வைக்காதீர்கள்.

கிரப் மெனுவிலேயே விண்டோஸ் இன்னும் தெரிந்தால் அது வேறு விஷயம், சுலபமானதும்கூட. அப்டேட், கிரப் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு, அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தரும் சூடோவோடு ஓட்டினால், உபுண்டுவிலும் மின்டிலும் மெனு புதிதாக எழுதப்படும். இல்லாதது தானாக விழுந்துவிடும். ஆனால் அந்தச் சின்னப் பார்ட்டிஷனில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் மிச்சம் இருந்தால், விண்டோஸ் இருக்கிறது என்றே கிரப் நினைத்துக்கொள்ளும். முதலில் அந்த ஃபோல்டரை நீக்க வேண்டும்.

பழைய லேப்டாப் என்றால்

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்கள் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்ற இந்திய லினக்ஸ் இரண்டோடும் வந்தன. நம்மில் பலர் பூட் மெனு என்ற ஒன்றை முதன்முதலில் பார்த்ததே அதில்தான். அந்தக் காலத்து பயாஸ் இயந்திரங்கள் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் மதர்போர்டுப் பட்டியலும் இல்லை, இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனும் இல்லை. டிஸ்கின் முதல் 512 பைட்டில், முதல் 446 பைட்டுக்குள் துவக்கி நிரலின் தலை மட்டும் இருக்கும். அங்கே கிரப் உட்கார்ந்திருந்தால், லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்த பிறகும் அதுதான் முதலில் எழும். விண்டோஸ் 7 டிவிடியிலிருந்து கிளப்பி, ரிப்பேர் என்பதற்குள் போய், கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, பூட்ரெக் என்று அடித்து, சாய்கோடு போட்டு ஃபிக்ஸ்எம்பிஆர் என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். கிரப் இருந்த இடத்தில் விண்டோஸின் நிரல் எழுதப்பட்டுவிடும். டிவிடியை வெளியே எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் மெனு எதுவும் வராமல் நேராக விண்டோஸ் திறக்கும்.